அறுபதுக்குப் பின் ஆறு தந்திகள்

பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அறுபது வயதைக் கடந்தபின் கிதார் வாசிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றத்தார் அவரிடம் கேட்கும் முதற்கேள்வி, "இந்த வயதில் இது எதற்கு?" என்பதாகவே இருக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஏளனத்தால் கேட்பதில்லை, அன்பினாலேயே கேட்கிறார்கள். ஆயினும் அதே வீட்டு எட்டு வயதுப் பேரன் அதே கருவியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகும்போது எவரும் அவ்வாறு கேட்பதில்லை. போகாவிட்டால்தான் கேட்கிறார்கள். எனவே அக்கேள்வியினுள் ஒரு கொள்கை மறைந்திருக்கிறது. கல்வி விதைநெல் போன்றது. அறுவடை காண நாள் உள்ளவனே விதைக்க வேண்டும். மற்றவருக்கு விதைப்பு வீண் என்பதே அக்கொள்கை. உழவில் ஊறிவந்த நம் குடும்பங்களுக்கு இவ்வுவமை எளிதில் மனத்தில் பதியும். அது மெய்தானா என்பதைச் சற்று நின்று ஆராய வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கிதார் ஏன், வீணை ஆகாதா என்று சிலர் வினவக்கூடும். வீணையின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீணை வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு அமர வேண்டும். முழங்கால் தேய்ந்தபின் அரைமணி நேரம் அவ்வாறு அமர்வது எத்துணைக் கடினம் என்பதை நம் வாசகர் பலர் ஜினாலயத்திலேயே அறிந்திருப்பர். கிதாரை நாற்காலியில் அமர்ந்தபடியே மடியில் வைத்து வாசிக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. மகனோ மகளோ கல்லூரிக் காலத்தில் வாங்கி, பின்னர் வேலைக்காக வெளியூர் செல்லும்போது விட்டுச்சென்ற கிதார் ஒன்று பல வீடுகளில் அலமாரியின் மேல் உறையோடு கிடக்கிறது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதனை அவ்வப்போது தூசி தட்டி வைக்கும் தாய் தந்தையர்க்கு, ஒருநாள் அதன் தந்தியை மீட்டிப் பார்க்கத் தோன்றுவது இயல்பே.

ஆறு தந்திகள் கொண்ட இக்கருவியின் கழுத்துப் பகுதியில், வீணையின் மெட்டுகளைப் போலவே, குறுக்காக உலோக மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வலக்கை விரல்கள் தந்தியை மீட்ட, இடக்கை விரல்கள் அதனை மெட்டை ஒட்டி அழுத்த வேண்டும். சொல்வதற்கு இவ்வளவே. செய்யத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே இடக்கை விரல்நுனிகள் எரியத் தொடங்கும். விடாது பயின்றால் சில வாரங்களில் நுனித்தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். மேழியும் மண்வெட்டியும் பிடித்த நம் பாட்டன்மார் உள்ளங்கைகளில் இருந்த காய்ப்பை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உளர். பேனா மட்டுமே பிடித்த கைக்கு அது முதன்முறையாக அறுபதில் வாய்க்கிறது.

வலி நீங்கியபின் வருவது அதனினும் பெரிய தடை. மூன்று நான்கு விரல்களை வெவ்வேறு தந்திகளில் ஒரே சமயத்தில் ஊன்றினால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். இதனைக் 'கார்டு' என்பர். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு விரல்கள் அனைத்தும் ஒன்றாகப் பெயர்ந்து ஒன்றாக இறங்க வேண்டும். தாளம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. தொடக்க நிலையில் உள்ளவர் கை ஒவ்வொரு விரலாக இடம் தேடும். அதற்குள் பாட்டு அடுத்த அடிக்குப் போய்விடும். 'எஃப்' என்னும் கார்டில் ஆள்காட்டி விரலைக் கழுத்தின் குறுக்கே படுக்கவைத்து ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். அவ்விடம் வந்ததும் கருவியை உறையிலிட்டு மூடிவிட்டவர்கள் எல்லா வயதிலும் உண்டு. இளையோர் பலமுறை பிழையாக வாசித்து, பிழையைப் பொருட்படுத்தாமலேயே அதனைக் கடந்துவிடுகின்றனர். முதியவர்க்கு விரலைவிட மனமே இடையூறு. நல்ல இசையை நாற்பது ஆண்டுகள் கேட்டுப் பழகிய செவி அவருடையது. தம் கையிலிருந்து எழும் ஒலி எத்துணைக் குறையுடையது என்பதை அச்செவி அவருக்கு உடனே சொல்லிவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு இது கைகூடுமா? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த கேரி மார்க்கஸ் என்பவர், தமக்குத் தாள உணர்வு மிகக் குறைவு என்பதை அறிந்திருந்தும், நாற்பது வயதை நெருங்கும் தறுவாயில் கிதார் பயிலத் தொடங்கினார். சிறுவர்களுக்கான கோடைக்கால இசை முகாமில் சேர்ந்து அவர்களோடு ஒரே குழுவில் வாசிக்கவும் செய்தார். அவ்வனுபவத்தையும் கற்றல் பற்றிய ஆய்வுகளையும் இணைத்து 2012ஆம் ஆண்டில் 'கிதார் ஜீரோ' என்னும் நூலை வெளியிட்டார். இளம்பருவம் கடந்தால் கற்றலின் கதவு அடைபட்டுவிடும் என்னும் பொது நம்பிக்கைக்கு, நாம் எண்ணும் அளவு வலுவான சான்று இல்லை என்பது அவர் கண்ட முடிவு. சில ஆற்றல்கள் விலக்கு. எடுத்துக்காட்டாக, தனியே ஒலிக்கும் ஒரு சுரத்தை வேறு ஒலியின் துணையின்றி இன்னதென்று சொல்லும் ஆற்றல், பெரும்பாலும் ஆறேழு வயதுக்குள் பயிற்சி தொடங்கியவரிடமே காணப்படுகிறது. மற்றவை மெதுவாகவேனும் வருகின்றன. பாட்டின் அமைப்பை உணர்ந்துகொள்வதில் வளர்ந்தவர்க்குச் சிறுவரைவிடச் சற்று அனுகூலமும் உண்டு. மார்க்கஸ் பெருங்கலைஞர் ஆகிவிடவில்லை. ஆனதாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நாற்பது வேறு, அறுபத்தைந்து வேறு என்பதையும் நாம் மறக்கலாகாது. மூட்டுவாதம் கண்ட விரல்கள் உடையோர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவதே நன்று.

இயலும் என்பதனாலேயே ஒரு செயல் தகுவதாகிவிடாது. நாலடியாரின் கல்வி அதிகாரத்தில் அன்னப்பறவையை உவமையாகக் காட்டும் பாடல் நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரிந்ததே. வாழ்நாளின் குறுமையை எண்ணிப் பார்த்து, கற்பனவற்றைத் தேர்ந்து கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. இளைஞனுக்கே அது பொருந்துமாயின் அறுபதைக் கடந்தவர்க்கு எத்துணை மிகுதியாகப் பொருந்த வேண்டும்! இதனோடு மற்றொரு தடையும் எழும். இல்லறத்தார் விலக்க வேண்டியவற்றுள் அனர்த்த தண்டம் ஒன்று. மனத்தைக் கலக்குவனவற்றைக் கேட்பதாகிய துஷ்ருதியும், வீண் செயல்களில் அசட்டையாக ஈடுபடுவதாகிய பிரமாத சரியையும் அதன் வகைகளாகச் சொல்லப்படுகின்றன. பணமும் வராத, புகழும் வராத, புண்ணியமும் வராத கிதார்ப் பயிற்சி இவற்றுள் அடங்காதோ என்று ஒரு பெரியவர் கேட்பாராயின், அதனை நாம் சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அச்சொல்லையே ஊன்றி நோக்க வேண்டும். அனர்த்தம் என்பது அதன் ஒரு பாதி. தண்டம் என்பது மறுபாதி. காரணமின்றி மண்ணைத் தோண்டுவதும், நீரை வாரி இறைப்பதும், செடியைக் கிள்ளுவதும் விலக்கப்பட்டமைக்குக் காரணம் அவற்றால் உயிர்கள் வருந்துகின்றன, அவ்வருத்தத்துக்கு ஒரு தேவையும் இல்லை என்பதே. ஆதாயம் தராத செயலனைத்தும் குற்றம் என்று கொண்டால், மாலையில் திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வதும் குற்றமாக முடியும். துஷ்ருதி என்பதும் பாட்டைப் பொறுத்தது; காம வெகுளிகளைக் கிளறும் பாட்டை வீணையில் வாசித்தாலும் அது துஷ்ருதிதான். ஆகவே முதியவரிடம், "இதனால் உமக்கு என்ன வரும்?" என்று கேட்பதற்கு முன், "இதனால் வருந்துவோர் யார்?" என்று கேட்பதே நம் மரபுக்கு இயைந்தது என்று கருதுகிறோம்.

அவ்வாறு கேட்டால் முதலில் தந்தியே கண்முன் வந்து நிற்கிறது. கிதாரின் உச்சநிலைத் தந்திகள் மூன்றும் நெடுங்காலம் ஆட்டுக்குடலைப் பதப்படுத்தி முறுக்கிச் செய்யப்பட்டன. மந்தர நிலைத் தந்திகள் பட்டு இழையின்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை. இரண்டுமே உயிர்வதையின் பயன்கள். இரண்டாம் உலகப்போரின்போது குடல்நூல் அறுவை மருத்துவத் தையலுக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதால் இசைக்கருவிகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. நியூயார்க்கில் கிதார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையைத் தந்தியாக்க முனைந்தார். ஸ்பெயின் நாட்டுப் பெருங்கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதற்கு ஊக்கமளித்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து நைலான் பரவி, இன்று அதுவே வழக்கமாகிவிட்டது. கருணையால் நேர்ந்த மாற்றமன்று, தட்டுப்பாட்டால் நேர்ந்தது. ஆயினும் நமக்கு அது நன்மையே. உருக்குத் தந்தி பூட்டிய கிதாரும் உண்டு. முதியவர் விரலுக்கு இழுவிசை குறைந்த நைலானே இதமாக இருக்கும். தந்திகளைத் தாங்கும் இரு சிறு பட்டைகள் விலையுயர்ந்த கருவிகள் பலவற்றில் மாட்டெலும்பால் ஆனவை. முற்காலத்தில் யானைத்தந்தமும் பயன்பட்டது. தந்தியை மீட்டும் சிறு வில்லையை ஆமையோட்டில் செய்த காலமும் இருந்தது. விலை குறைந்த கருவிகளில் அப்பட்டைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. மலிவான கருவி நம் ஆசாரத்துக்கு மிகவும் ஏற்றதாக அமைந்திருப்பது ஓர் இனிய தற்செயல். எதுவாயினும் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்து வாங்குதல் வேண்டும்.

ஒன்று வாங்கினால் போதும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். இக்கருவியைப் பயில்வோரிடையே, கை பழகுவதற்கு முன்னரே இரண்டாவது, மூன்றாவது கிதார் வாங்கும் ஆசை பரவலாகக் காணப்படுகிறது. மீண்டும் மீண்டும் நுகரும் பொருள்களுக்கு வரம்பு கட்டிக்கொள்ளும் போகோபபோக பரிமாணத்தை ஏற்றவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முதற் கிதாரில் வராத எஃப் கார்டு மூன்றாவது கிதாரிலும் வரப்போவதில்லை.

முதியவர் இசை பயில்வது புதிதன்று. கிதார் என்னும் பெயரே பண்டைக் கிரேக்கரின் 'கிதாரா' என்னும் நரம்புக்கருவியின் பெயரிலிருந்து அரபு, ஸ்பானிய மொழிகளின் வழியே வந்தது. கருவியின் வடிவம் வேறு. பெயரின் வழி ஒன்று. அந்தக் கிதாராவை முதுமையில் பயிலச் சென்றவர் சாக்ரடீஸ். பிளேட்டோ இயற்றிய 'யூதிடெமஸ்' என்னும் உரையாடலில் சாக்ரடீஸ் வாய்மொழியாகவே இச்செய்தி வருகிறது. கொன்னஸ் என்னும் ஆசிரியரிடம் அவர் பயின்றபோது, உடன் பயின்ற சிறுவர்கள் அவரைக் கண்டு நகைத்தார்கள். கொன்னஸுக்குக் கிழவர்களின் வாத்தியார் என்று பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள். சாக்ரடீஸ் அதற்காக வகுப்பை விட்டு நின்றுவிடவில்லை. வேறு சில முதியவர்களையும் பேசி இணங்கவைத்து உடன் மாணவர்களாக அழைத்துச் சென்றார்.

நம் சீவக சிந்தாமணியிலோ யாழ் இளைஞன் கையில் இருக்கிறது. இராசமாபுரத்து மண்டபத்தில், தரப்பட்ட யாழ்களின் மரக்குற்றத்தையும் நரம்புக்குற்றத்தையும் சீவகன் எடுத்துக்காட்டி, குற்றமற்ற யாழால் காந்தருவதத்தையை வென்று மணக்கிறான். திருத்தக்கதேவர் யாழ்க் கலையில் எத்துணை நுட்பம் கண்டவர் என்பதற்கு அப்பகுதி சான்று. அங்கே இசை ஒரு போட்டி; வெற்றியும் பரிசும் உண்டு. அறுபதுக்குப் பின் பயில்பவர்க்கு மண்டபமும் இல்லை, பரிசும் இல்லை, எதிர்நின்று வாசிப்பாரும் இல்லை. குற்றமுடைய ஒலியைத் தம் கையாலேயே எழுப்பி, தாமே கேட்டு, மறுநாளும் வந்து அமர வேண்டும். சீவகனுக்கு இல்லாத ஒரு பொறுமை இவருக்குத் தேவைப்படுகிறது.

எதிர்த்தரப்பில் வலுவாகப் பேசியவர் 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் மொன்தேன். ரோமானியப் பெரியவர் கேட்டோ தள்ளாத வயதில் கிரேக்க மொழி கற்றதை உலகம் புகழ்ந்தது. மொன்தேன் அதனைக் குறையாகக் கண்டார். ஒவ்வொன்றுக்கும் அதனதன் பருவம் உண்டு. முதுமையில் எழுத்துக் கூட்டுபவர் மீண்டும் குழந்தையாகிவிடுகிறார். அப்பருவத்தின் பாடம் விடைபெறக் கற்பதே என்பது அவர் வாதம். முதிய தத்துவ ஞானி ஸெனோக்ரடீஸ் இன்னமும் பாடம் பயில்வதைக் கண்ட ஒருவர், இவர் இன்னும் கற்றுக்கொண்டே இருந்தால் எப்போதுதான் அறியப்போகிறார் என்று கேட்ட பழங்கதையையும் அவர் துணைக்கழைக்கிறார். சல்லேகனையின் பெருமையை அறிந்த நமக்கு இவ்வாதம் அந்நியமானதன்று. இதுவரை சொன்ன தடைகள் எல்லாவற்றிலும் இதுவே கூர்மையானது என்றும் ஒப்புக்கொள்கிறோம்.

மொன்தேன் கூற்றில் ஒரு பாதி முற்றிலும் சரி. கிதாரை மடியில் வைத்தால் இருபது வயது திரும்பிவரும் என்று எண்ணுபவர் ஏமாறுவார். அவ்வெண்ணத்துடன் வாங்கப்பட்ட கருவி விரைவில் அலமாரிக்கே திரும்பும். மறுபாதியில் நமக்கு உடன்பாடில்லை. ஓய்வு பெற்றபின் நாள் முழுவதும் விடைபெறுதலைப் பயில்பவர் நம்முள் எத்தனை பேர்? காலையில் செய்தித்தாள், மாலையில் தொலைக்காட்சி, இடையில் யாருடைய நிலத்தை யார் விற்றார் என்னும் பேச்சு. சாமாயிகத்துக்கும் சுவாத்தியாயத்துக்கும் உரிய நேரத்தைக் கிதாருக்குக் கொடு என்று நாம் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்குக் கொடுத்த நேரத்திலிருந்து முக்கால் மணி எடுத்துக்கொள்வதில் எப்பருவத்துக்கும் பங்கம் நேராது. இன்னொன்றும் உண்டு. கி.மு. 399இல் மரணதண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருந்த சாக்ரடீஸ், இசை பயில்க என்று தம் கனவில் பலமுறை கட்டளை வந்ததை நினைத்து, அதுவரை செய்திராத வகையில் ஈசாப்பின் கதைகளைச் செய்யுளாக்கத் தொடங்கினார் என்று பிளேட்டோவின் 'பீடோ' கூறுகிறது. தத்துவமே தலைசிறந்த இசை என்று அதுகாறும் கருதிவந்தவர் அவர். விடைபெறுதலை அவரினும் நன்றாகக் கற்றவர் என்று மொன்தேனும் வேறொருவரை எளிதில் சுட்டியிருக்க முடியாது.

நான்கு கஷாயங்களுள் மானம் வயதோடு தானே தணியும் என்பர். நாம் கண்டவரை அவ்வாறில்லை. அலுவலகத்தில் முப்பது பேர் எழுந்து நின்ற பழக்கம் வீட்டுக்கும் வந்து, மருமகளிடமும் பேருந்து நடத்துநரிடமும் மரியாதை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அத்தகையவர் இருபத்திரண்டு வயது ஆசிரியர் முன் அமர்கிறார். முதல் மாதம் அவரைத் "தம்பி" என்று அழைக்கிறார். மூன்றாம் மாதத்தில் அது "மாஸ்டர்" என்று மாறுகிறது. "சார், மறுபடியும் முதலிலிருந்து வாசியுங்கள்" என்று அந்த இளைஞர் சொல்ல, இவர் மறுமொழியின்றி முதலிலிருந்து தொடங்குகிறார். இதனைச் சாதனை என்று பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் அறவுரைகளைக் கேட்டு வீடு திரும்பிய மாலைகளில்கூட இவ்வளவு பணிவு நம்மிடம் எளிதில் வருவதில்லை.

இதுவரை நாம் ஓய்வு பெற்ற ஆடவரையே மனத்திற்கொண்டு பேசிவிட்டோம். நம் குடும்பங்களில் இக்கேள்வி பெண்டிரிடத்து வேறு முகம் கொள்கிறது. பன்னிரண்டு வயதில் பாட்டு வாத்தியார் வைத்து, பதினெட்டில் திருமணம் முடிந்ததும் நிறுத்தப்பட்ட பயிற்சி எத்தனை வீடுகளில்! மாமியார் காலம், பிள்ளைகளின் தேர்வுகள், மகளின் பிரசவம், பேரனின் பள்ளி என்று நாற்பது ஆண்டுகள் கடந்தபின், அறுபது வயது அம்மையார் ஒருவர் மகன் விட்டுச்சென்ற கிதாரைக் கையில் எடுக்கிறார். அவரிடம் "இந்த வயதில் எதற்கு?" என்று கேட்பது நியாயமா? அது புதிய ஆசையன்று, பழைய பாக்கி. அதற்கு முந்திய வயதுகளில் ஏன் கற்கவில்லை என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவர் அல்லர், வீட்டாரே.

பாக்கியைத் தீர்ப்பதும் அவ்வளவு எளிதன்று. கணவர் கிதார் பயிலும் முக்கால் மணி நேரத்தில் அடுக்களை தடையின்றி நடக்கும், ஏனெனில் அங்கே மனைவி இருக்கிறார். மனைவி பயிலும் முக்கால் மணி நேரத்தில் காய் நறுக்குபவர் யார், அடுப்பைப் பார்ப்பவர் யார் என்பது முன்னரே பேசி முடிவு செய்யப்பட வேண்டும். நமக்கோ பொழுது சாய்வதற்குள் உணவு முடிய வேண்டும். ஆகவே மாலைப் பொழுதில் அவரால் அமரவே முடியாது. பிற்பகல் மூன்று மணியே ஏற்றது. அது வீட்டுப் பெரியவர் கண்ணயரும் நேரம். சில மாதங்களுக்கு அவர் தம் உறக்கத்தை மாடியறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது அங்கேயே படுத்துக்கொண்டு, ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு வரும்போதெல்லாம் தடுக்கி நின்று மறுபடி தொடங்கும் அந்த ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.